ஒரு தட்டு குறைவு

வெள்ளை பீன்ஸை முந்தின நாளே ஊறப் போட்டுவிட வேண்டும், சார்ஜென்ட். அவசரத்துக்குச் சோடா உப்பைப் போட்டு வேகவைத்தால் தோல் தனியாகக் கழன்று மிதக்கும். லா செரோயாவில் மெல்சோரா அப்படித்தான் செய்வாள். எங்கள் மொந்தால்காரில் அந்த வேலை நடக்காது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் என்னிடம் கேட்கும் விஷயம் முழுக்க ஒரு தட்டு பீன்ஸில்தான் இருக்கிறது.

நீங்கள் மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். மலை சைக்கிள்காரர்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. பழைய கோட்டைகள், கோவேறு கழுதைப் பாதைகள், பாழடைந்த ஆலைகள் என்று எல்லாவற்றையும் கோர்த்துப் பாதைக் கமிட்டி சிவப்புப் பட்டை போட்ட மரக்கம்பங்களை நட்டது. எங்கள் ஊருக்கும் லா செரோயாவுக்கும் நடுவே இருபத்திரண்டு கிலோமீட்டர். கைபேசி வேலை செய்யாது. அதனால் நாங்களே ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். இங்கேயிருந்து ஒருவர் கிளம்பினால் நான் மெல்சோராவின் சாப்பாட்டுக் கடைக்குப் போன் போடுவேன். "ஒரு தட்டு, பச்சைச் சட்டை." அவ்வளவுதான். அவள் ஒரு தட்டை எடுத்து வைப்பாள். ஐந்து மணிக்குள் அந்தத் தட்டில் யாரும் சாப்பிடாவிட்டால் அவள் அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமிருந்து தேடி வருவான். இதுவரை இரண்டு கால் முறிவு, ஒரு நெஞ்சுவலி. எல்லாரும் பிழைத்தார்கள். அந்த ஏற்பாடு என் யோசனை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் மொந்தால்காரில் பதினான்கு பேர் இருக்கிறோம். ரொட்டி வண்டி என் கடைக்குத்தான் வரும். கடிதம், எரிவாயு சிலிண்டர், மருந்து எல்லாம் என் கடையில்தான் இறங்கும். சைக்கிள்காரர்கள் வருவது நின்றால் கடையும் நின்றுவிடும். கடை நின்றால் வண்டி மேலே ஏறாது. பிறகு பிள்ளைகள் வந்து கிழவர்களை ஜராகோசா நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், ஆறு மாதத்தில் சாவுச் செய்தி வரும். அப்படி நான்கு ஊர்கள் காலியானதைப் பார்த்தவள் நான். எனக்குப் பயம் இருந்தது. அதை மறைக்கவில்லை.

வசந்த காலத்தில் ஒரு பேச்சு வந்தது. கமிட்டி பாதையைச் சுருக்கப் போகிறது, யாரோ ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஓட்டிப் பார்ப்பார் என்று. சான் ரோக்கே சிற்றாலயத்திலிருந்து மலை முதுகோடு ஒரு மேல் பாதை போகிறது. அதைத் திறந்துவிட்டால் ஒருவரும் எங்கள் ஊருக்குள் இறங்க வேண்டியதில்லை. தலைக்கு மேலேயே போய்விடலாம்.

செப்டம்பரில் அவர் வந்தார். ரூபேன். நாற்பது வயது இருக்கும், சாந்தமான முகம். காப்பியைக் குடித்துவிட்டு ஊரைச் சுற்றினார். நீரூற்றைப் போட்டோ எடுத்தார். பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். நோட்டில் எழுதினார். என் கொழுந்தன் லியோன்சியோ கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, இந்த ஆளு சைக்கிள் ஓட்ட வந்தவன் மாதிரி தெரியலையே. முழங்காலைப் பாத்தியா? ஒரு சிராய்ப்பு இல்ல. நோட்டு மட்டும்தான் தேஞ்சு கிடக்கு."

"வரி ஆபீஸா இருக்குமோ?"

"நம்ம ஊருக்கு வரி ஆபீஸ் வந்தா அவனுக்கு நாமதான் சோறு போட்டு அனுப்பணும்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அக்டோபர் முதல் வாரம் ரூபேன் மறுபடி வந்தார். இந்தத் தடவை கேள்விகள். குளிர்காலத்தில் எத்தனை பேர் இருப்பீர்கள், டாக்டர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருவார், பழைய ரொட்டிச் சூளை வீடு யாருடையது, பிள்ளைகள் யாராவது உண்டா. ருமேனியாக்கார மேய்ப்பனுக்கு இரண்டு பிள்ளைகள் உண்டு என்று சொன்னேன். அதை எழுதிக்கொண்டார். கடைசியாகக் கேட்டார், ரொம்பச் சாதாரணமாக.

"ஏம்மா, அந்த மேல் பாதை எப்படி? லா செரோயாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த சனிக்கிழமை ஓட்டிப் பாக்கலாம்னு இருக்கேன்."

"தாராளமா ஓட்டுங்க," என்றேன். "கம்பம் இருக்கு, வழி தப்பாது."

நீங்களே சொல்லுங்கள், சார்ஜென்ட். ஒருவன் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறான், தலைகளை எண்ணுகிறான், மேல் பாதையைக் கேட்கிறான். நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? ஒரு ஊர் செத்துவிட்டதா என்று நாடி பிடித்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வியாழக்கிழமை மேலே போனேன். மேல் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் கமிட்டி புதிதாக நட்ட ஒரு கம்பம் இருக்கிறது. வலதுபுறம் லா செரோயா. இடதுபுறம் பனி சுமந்தவர்களின் பழைய தடம், கிணற்றோடு முடிந்துவிடும். அந்தக் காலத்தில் பனிக்கட்டியை வைக்கோல் போட்டு மிதித்து இறுக்கிக் கோடையில் விற்பதற்காகக் கல்லால் கட்டிய கிணறு. பதினோரு மீட்டர் ஆழம். கம்பத்தைப் பிடுங்கி இடதுபுறம் நட்டேன். மண் இளகித்தான் இருந்தது. கொஞ்சம் வழி தவறி அலையட்டும், மேல் பாதை ஆகாது என்று எழுதட்டும் என்பதுதான் என் எண்ணம்.

கிணற்றின் மேல் கிடந்த பலகைகளை எடுத்தது வேறு விஷயம். என் கோழிக் கூண்டின் கூரை ஒழுகியது. அவை நல்ல ஓக் பலகைகள், அங்கே வீணாகக் கிடந்தன. கழுதையில் ஏற்றிக் கொண்டுவந்தேன். இரண்டையும் ஒரே நாளில் ஏன் செய்தாய் என்று நேற்றுக் கேட்டீர்கள். அந்த ஏற்றத்தை இரண்டு தடவை ஏற என் முட்டி ஒத்துழைக்காது. கிணற்றைத் திறந்து போட்டுவிட்டு வரவும் மனம் வரவில்லை, மேயும் ஆடு விழுந்துவிடுமே, அதனால் சபினா மரக் கிளைகளை வெட்டி அதன் மேல் நெருக்கமாகப் பரப்பினேன். கிளை ஆட்டைத் தாங்குமா என்று கேட்டீர்கள். ஆடு முகர்ந்து பார்த்து விலகிவிடும்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். சாப்பாடு போட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் காதுபட, மெல்சோராவுக்குப் போன் போட்டேன். "ஒரு தட்டு, நீலச் சட்டை." அவர் தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

"இது ரொம்ப நல்ல ஏற்பாடும்மா. எங்க ஊர்ல மாடியில இருக்கிறவன் செத்தாக்கூட வாடை வந்தாத்தான் தெரியும்."

"இங்க அப்படி விட மாட்டோம்," என்றேன்.

ஒரு மணிக்குக் கிளம்பினார். நான் மேசையைத் துடைத்தேன், தட்டைக் கழுவினேன், மறுபடி போனை எடுத்தேன்.

"மெல்சோரா, அந்தத் தட்டை எடுத்துரு."

"ஏன்டி, என்னாச்சு?"

"ஆளு வந்த வழியே திரும்பிட்டான். வயிறு சரியில்லையாம்."

"உன் கையால தின்னிருப்பான். பாவம்."

"உன் சோடா உப்புக்கு என் கை எவ்வளவோ தேவலை."

இருவரும் சிரித்தோம். ஐந்து மணிக்கு யாரும் ஜீப்பை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய காரணம் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி உங்களுக்குப் போன் செய்தார். நீங்கள் என்னிடம் வந்தீர்கள். திரும்பிப் போய்விட்டார் என்றேன், மெல்சோராவும் அதையே சொன்னாள். அவருடைய கார் மேற்கே, அவர் சைக்கிளில் கிளம்பிய இடத்திலேயே நின்றதால் நீங்கள் மேற்குப் பள்ளத்தாக்கைத் தேடினீர்கள். முப்பது பேர், நாய்கள், ஹெலிகாப்டர். தேடிய எல்லாருக்கும் நான் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி கட்டிக் கொடுத்தேன். அந்த மூன்று நாளில் என் கடை நிரம்பி வழிந்தது. அதை நினைத்து நான் செய்யவில்லை.

திங்கட்கிழமை கம்பத்தைத் திருப்பி நடுவதற்காக மேலே போனேன். அப்போது விசில் சத்தம் கேட்டது. கழுகு என்று நினைத்தேன் என்று விசாரணையின் முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதை மாற்றிக்கொள்கிறேன். கழுகு மூன்று மூன்றாகக் கூவாது.

ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கொண்டுபோன ரொட்டியில் பாதியைச் சாப்பிட்டேன். விசில் நிற்கும், மறுபடி வரும். யோசித்துப் பார்த்தேன், சார்ஜென்ட். அவர் வெளியே வந்தால் என்னை முதலில் என்ன கேட்பார்கள்? தட்டை ஏன் எடுக்கச் சொன்னாய் என்றுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் நின்றால் கடை போகும், கடையோடு ஊர் போகும். பதினான்கு பேருக்கு எதிராக ஒருவர். கம்பத்தை வலதுபுறம் நட்டு, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினேன். மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

புதன்கிழமை லியோன்சியோவின் வேட்டை நாய் அவரைக் கிணற்றில் கண்டுபிடித்தது. அதற்கு முன்தின மாலைதான் அவர் இறந்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். பிறகு என் முற்றத்துக்கு வந்தீர்கள். கோழிக் கூண்டுக் கூரையில், கிணற்றுப் பலகையோடு வந்த இரும்பு வளையத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அந்த வளையத்தைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. பழைய வேலைப்பாடு.

நேற்று அவருடைய நோட்டை என் முன்னால் வைத்தீர்கள். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது என்றேன். நீங்களே படித்தீர்கள். மேய்ப்பன் பிள்ளைகள் இரண்டு, நம்முடையது மூன்று, ஐந்து இருந்தால் பள்ளியைத் திறக்க மனுக் கொடுக்கலாம். சூளை வீட்டை விற்பார்களா, ஒரோசியா அம்மாவை, அதாவது என்னை, கேட்க வேண்டும். ஜனவரியில் லா செரோயா மருத்துவ நிலையத்தில் மனைவி நர்ஸாகச் சேர்கிறாள், பனியில் சாலை மூடினால் மேல் பாதை உதவுமா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கமிட்டி அனுப்பிய ஆள் ஜூனிலேயே வந்து போய்விட்டார் என்றும் சொன்னீர்கள். பெரிய உடம்புக்காரி, இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவளை எனக்கு நினைவிருக்கிறது. நல்ல பெண். மொந்தால்கார் பாதையில் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினாளாம்.

அவர் குடும்பம் ஐந்து பேரும் வந்திருந்தால் நாங்கள் பத்தொன்பது. எனக்கும் கணக்குத் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? சூளை வீடு என்னுடையதுதான். கேட்டிருந்தால் சாவியைக் கையில் கொடுத்திருப்பேன். அந்நிய ஊருக்கு வருகிறவன் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அது ஒரு மரியாதை.

கம்பத்தை மாற்றியது நான். பலகையை எடுத்ததும் கிளையைப் பரப்பியதும் நான். தட்டை எடுக்கச் சொன்னதும், விசிலைக் கேட்டுவிட்டு இறங்கியதும் நான்தான். அவர் விழ வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்டால், ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கிளைகளை நான் ஆட்டுக்காகப் பரப்பவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் டாக்டர் அறிக்கையில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். இறந்தவரின் வயிறு காலியாக இருந்தது என்று போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே விட்டால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சனிக்கிழமை நான் அவருக்கு இரண்டு முட்டை, பொரித்த தொத்திறைச்சி, எண்ணெய் ஊற்றிய ரொட்டி, ஒரு தட்டு நிறைய பீன்ஸ் போட்டேன். பாதி போதும் என்றார், நான் விடவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள், சார்ஜென்ட். மொந்தால்காருக்கு வந்தவரைப் பட்டினி போட்டோம் என்ற பேர் எங்களுக்கு வேண்டாம்.