நான்காவது மாடி ஜன்னல்

மஞ்சள் நிறத்தைச் சரியாகக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை, சார். கொஞ்சம் கூடினால் மருந்துக்கடை பல்பு மாதிரி அடிக்கும். குறைந்தால் உள்ளே யாரோ உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பது போலத் தெரியும். எங்கள் குடியிருப்பைப் போன் விளையாட்டாக வரைந்தபோது அந்த மஞ்சளோடுதான் அதிகம் மல்லுக்கட்டினேன்.

விளையாட்டு எளிது. போனைத் திறந்தால் எங்கள் கட்டடம், வீட்டுக்கொரு ஜன்னல். கூட்டத்துக்கு வந்தாலோ, பக்கத்து வீட்டுக்கு ஒத்தாசை செய்தாலோ உங்கள் ஜன்னலில் விளக்கு எரியும். இடித்து விற்பதற்காகக் கட்டட முதலாளி எங்களைக் காலி செய்யச் சொன்னபோது, வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்களை அப்படித்தான் ஒன்று சேர்த்தேன். காலி செய்வதாக யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று முடிவானது. ஒருவர் போட்டாலும் மற்றவர்கள் மனசு தளர்ந்துவிடும்.

ஆபத்தென்றால் ஜன்னலைச் சிவப்பாக்கலாம். எல்லோர் போனும் அலறும். பிள்ளைகள் வேடிக்கைக்கு அழுத்திப் பெரியவர்களை ஓடவைத்ததால், சிவப்பு முதலில் என்னிடம் வரட்டும், நான் பார்த்து அனுப்புகிறேன் என்றேன். எல்லோரும் கை தூக்கினார்கள்.

நான்காவது மாடி தையல்காரரின் ஜன்னல் மட்டும் எரியவே இல்லை. அவர் போனில் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தேன்.

"உன் படத்துல லைட் எரிஞ்சா என் வீட்டுக்குக் காத்து வருமா, தம்பி? எனக்கு ஆஸ்துமா. லிஃப்ட் படுத்துக்கிட்டா நானும் படுத்துக்கணும். மக வீட்ல படியே கிடையாது. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பறேன்."

"எல்லாரும் உங்களுக்காகவும்தானே நிக்கிறோம், மாமா."

"எனக்காகவா? என் பேராவது தெரியுமாய்யா உங்களுக்கு?" என்று சிரித்தார்.

தெரியாதுதான். ஆனால் ஒரே ஒருமுறை இவர்கள் தனக்காக ஓடிவருவதைப் பார்த்துவிட்டால் மனசு மாறிவிடும் என்று தோன்றியது. நான் படித்த கதைகளில் மனிதர்கள் அப்படித்தான் மாறுகிறார்கள்.

வைஃபை பெட்டி மின்சார அறையில் இருந்ததால் சாவி என்னிடம் இருந்தது. லிஃப்ட் சுவிட்சும் அங்கேதான். மறுநாள் மதியம் அவர் கையெழுத்துப் போடக் கிளம்பி லிஃப்டில் ஏறினார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்தினேன். உள்ளே அவசர மணி செத்துப் பல காலம். போன் சிக்னல் கிடைக்காது, என் வைஃபை கிடைக்கும். முதல்முறையாக அவர் ஜன்னல் சிவந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, சார்.

அநேகமாக எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அப்போதே அனுப்பினால் இரண்டு பேர் வருவார்கள். சாயங்காலமென்றால் கட்டடமே திரளும். அவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

"தம்பி, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்" என்று எழுதினார். பிறகு, "யாராச்சும் இருக்கீங்களா." பிறகு, "இழுக்குது. மருந்து வீட்ல இருக்கு."

"வந்துட்டிருக்காங்க மாமா, பொறுங்க" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன். தனியாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. இடையில் அவர் ஜன்னலுக்கு ஒரு திரை வரைந்தேன், ஓரத்தில் பொடித் தையல் வைத்து. கொஞ்ச நேரத்தில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். சமாதானமாகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சிவப்பை அனுப்பினேன். நான் கற்பனை செய்ததைவிட அழகாக இருந்தது. ஐந்தாவது மாடி நர்ஸ் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். சொத்துத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் ஒரே கம்பியைப் பிடித்து லிஃப்ட் கதவை நெம்பினார்கள். நர்ஸ் உள்ளே குனிந்து அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். பிறகு அவர் கண்களை மூடிவிட்டாள். அப்போதும் ஒருவர்கூட அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

நேற்று லிஃப்ட் மெக்கானிக்கை நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்ததாகக் கேள்விப்பட்டேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. லிஃப்டை நிறுத்தியது நான். சிவப்பை அனுப்பாமல் வைத்துக்கொண்டதும் நான். செய்யாததற்கு ஒருவர் தண்டனை அனுபவிப்பது எனக்குப் பிடிக்காது.

என் போனை எடுத்துக்கொள்ளுங்கள், சார். விளையாட்டை மட்டும் அணைத்துவிடாதீர்கள். இப்போது எல்லா ஜன்னலும் எரிகிறது, நான்காவது மாடியும் சேர்த்து. எங்களை விட்டு ஒருவர்கூடப் போகவில்லை.