வில்ஃபின் வலது பூட்ஸ்

புது பூட்ஸைப் பழக்குவதில் என்னைப் போல் கைதேர்ந்தவன் எங்கள் கால்பந்து அணியில் கிடையாது, ஐயா. வெந்நீர்த் தொட்டியில் பூட்ஸோடு இறங்கி, தோல் காலைக் கவ்வும்வரை நிற்க வேண்டும். பிறகு சேற்றில் வழுக்காமலிருக்க அடியில் தோல் குமிழ்களை வைத்து ஆணியடிக்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்கும் ஆணி முனையை மறக்காமல் மடக்கிவிட வேண்டும். எல்லோருக்கும் நான்தான் அடித்துக் கொடுப்பேன். வில்ஃப் ஆர்மராடுக்கும் நான்தான் அடித்தேன்.

வில்ஃப் தங்கமான மனிதன். நெசவாலையிலிருந்து ஆட வந்தவன். நான் ஆடிக்கொண்டிருந்த வலது தடுப்பாட்டக்காரன் இடத்தை அவனுக்குக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் ஜேபஸ்தான் வந்து சொன்னார்.

“ஏமஸ், உன் முட்டி போச்சுப்பா. இந்த சீசனோட சரி. சுரங்கத்துல எப்பவும் ஆள் எடுக்குறாங்களே, போய்க் கேளு.”

சுரங்கம் என்றால் உங்களுக்கு நிலக்கரி. எனக்கு என் தம்பி ஹெர்பர்ட். கூரை இடிந்தபோது இருட்டில் அவன் கையைப் பிடித்தபடி கிடந்தேன். கை மெல்ல மெல்லச் சில்லிட்டது. தோண்டி எடுத்தவர்கள் என் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. என்னை அங்கிருந்து மேலே கொண்டுவந்தது பந்துதான். மறுபடி அந்தக் கூண்டில் ஏறிக் கீழே போவதை நினைத்தால் இப்போதும் மூச்சு முட்டுகிறது. என்னால் முடியாது, ஐயா. முடியவே முடியாது.

அதனால் ஒரே ஒரு ஆணியை மடக்காமல் விட்டேன். மேலே மெல்லிய தோல் துண்டு ஒட்டினேன். பாதி ஆட்டம் தாங்கும்.

இடைவேளையில் எலுமிச்சைத் துண்டு கொடுக்க உள்ளே போனேன்.

“உள்ள என்னமோ குத்துதுண்ணே,” என்றான் வில்ஃப்.

“புதுசுன்னா குத்தத்தான் செய்யும். புது மாப்பிள்ளையாட்டம் சொகுசு பாக்காதடா.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு ஓடினான். கடைசிவரை ஒருவனையும் தாண்ட விடவில்லை.

எங்கள் மைதானத்தில் தரையைச் சமன்செய்யும் உருளையை இழுப்பது கரி வண்டிக் குதிரை. சாணத்தை எவ்வளவு வாரினாலும் சேற்றில் மிச்சம் இருக்கும். சுரங்கத்திலும் குதிரைகள் உண்டு. அங்கே ஒருவனுக்குச் சின்னக் கீறல் பட்டாலும், அலற அலறக் கார்பாலிக் அமிலம் ஊற்றுவோம். இல்லையென்றால் சாண விஷம் ஏறித் தாடை பூட்டிக்கொள்ளும், ஆள் பிழைக்க மாட்டான். நெசவாலைக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

குளியல் தொட்டியில் அவன் பாதத்தைத் திருப்பிக் காட்டினான். பொட்டுபோல ஒரு துளை.

“ஜேபஸ்கிட்ட காட்டட்டுமாண்ணே?”

“காட்டுனா அடுத்த ஆட்டம் வெளியதான் உக்காரணும். நம்மள்ல எவன்டா காயத்தைக் காட்டியிருக்கான்?”

அது உண்மை. நொண்டுவது தெரிந்தால் அணியிலிருந்து பெயர் போய்விடும், நாங்கள் எல்லோரும் மறைப்பவர்கள்தான். பூட்ஸ் தைக்கும் கறுப்பு மெழுகை உருக்கி அந்தத் துளையை அடைத்துவிட்டேன். “நல்லவேளை நீங்க இருந்தீங்க,” என்றான்.

அடுத்த வாரம் அவன் மனைவி எடித் ஓடி வந்தாள்.

“ஏமஸண்ணே, அவருக்கு வாயே தொறக்க மாட்டேங்குது. எங்கயாவது அடிபட்டுச்சான்னு டாக்டர் கேக்குறாரு. உங்களுக்கு ஏதும் தெரியுமா?”

“எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லம்மா.”

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உடம்பு விறைத்து வளைந்திருந்தது. அசைந்தது கண்கள் மட்டும். தன் காலைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். மறுபடி காலை. டாக்டரிடம் சொல்லச் சொல்கிறான் என்று புரிந்தது. நான் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டேன். கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். எடித் அதற்காக எனக்கு நன்றிகூடச் சொன்னாள். உடலைக் குளிப்பாட்டும்போதுதான் அவள் அந்த மெழுகைப் பார்த்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

பூட்ஸ் உடைமாற்றும் அறையிலேயே கிடந்தது. அந்த ஆணியை எடுத்து ஒழுங்காக மடக்கி வைத்துவிட்டேன். வேறு யார் காலிலாவது குத்திவிடக் கூடாது பாருங்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வலது பக்கம் என்னை விட்டால் அவர்களுக்கு ஆளில்லை. அதற்குள் என்னை அனுப்பிவிடுவீர்கள், இல்லையா?