கொண்டை ஊசி டப்பா

அம்மா: மெதுவாடி! தலை கழுவுறியா, அடிப்பிடிச்ச பாத்திரம் விளக்குறியா?

மகள்: தலையை ஆட்டாம படும்மா. காதுக்குள்ள தண்ணி போகும்.

அம்மா: நகம் படுது. விரல் நுனியில தேய்க்கணும்... விரல் நுனி! பதினெட்டு வருஷமா இந்தக் கடையில எத்தனை தலை கழுவியிருக்கேன், ஒருத்தியாவது 'ஆ'ன்னு கத்தியிருப்பாளா? இந்த மணிக்கட்டு மட்டும் ஒழுங்கா இருந்தா உன் கையில தலையைக் குடுத்திருக்கவே மாட்டேன். காலேஜுல என்னதான் சொல்லிக் குடுத்தாங்களோ...

மகள்: ரசாயனம். தலை கழுவுறது பாடத்துல வரல.

அம்மா: சரி சரி... கையில வருதா?

மகள்: என்ன?

அம்மா: முடிதான்டி.

மகள்: வருது.

அம்மா: எவ்வளவு?

மகள்: கொஞ்சம்.

அம்மா: கொஞ்சம்னா?

மகள்: ஒரு எலி வால் அளவு.

அம்மா: சின்ன எலியா, பெரிய எலியா?

மகள்: அம்மா!

அம்மா: பார்த்தியா, நான் போன்ல சொன்னப்ப நம்பலியே! எல்லாம் அந்த எலும்பு மாத்திரை பண்ற வேலை. நம்ம ரிட்டையர்டு டீச்சர் அன்னைக்கே சொன்னாங்க, அதைப் போட்டா முடி கொட்டுமாம். இன்னைக்குப் பதினோரு மணிக்கு டாக்டர்கிட்ட நீதான் பேசுற. மாத்திரை வேண்டாம்னு சொல்லிடு.

மகள்: அந்த டீச்சர் என்ன பாடம் எடுத்தாங்க?

அம்மா: பூகோளம்.

மகள்: அப்ப மலை, ஆறு பத்தி மட்டும் அவங்க பேச்சைக் கேளு. மாத்திரைப் பெட்டிக்குள்ள இருந்த சீட்டை முழுசா உனக்குப் படிச்சுக் காட்டினேன். 'சிலருக்கு முடி மெலியலாம்'. சிலருக்கு! அந்த வார்த்தை மட்டும் உன் காதுல விழவே விழாதா?

அம்மா: அந்தச் சிலர்ல நான் ஒருத்தியா இருக்கக் கூடாதா?

மகள்: இருக்கலாம். இருந்தா டாக்டர்கிட்ட சொல்லலாம், வேற மருந்து இருக்கான்னு கேக்கலாம். நீயா நிறுத்தக் கூடாது.

அம்மா: நிறுத்தினேன்னு யாரு சொன்னா?

மகள்: துண்டு பிழிஞ்சதுக்கே மணிக்கட்டு உடைஞ்சுது உனக்கு. துண்டும்மா! கல்லு இல்ல, இரும்பு இல்ல. அடுத்தது இடுப்புன்னு டாக்டர் முகத்துக்கு நேரா சொன்னாரு. முடி போச்சுன்னா தொப்பி போட்டுக்கலாம். இடுப்பு போச்சுன்னா என்னத்தப் போட்டுக்குவ?

அம்மா: உனக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவ. வாசல்ல போர்டுல இருக்கறது யார் தலை?

மகள்: உன் தலை.

அம்மா: இடுப்புக்குக் கீழ தொங்குற முடியோட. அதைப் பார்த்துட்டுத்தான் உள்ள வர்றாங்க. வந்து என்னை நேர்ல பார்த்தா? சொத்தைப் பல்லோட இருக்கற பல் டாக்டர்கிட்ட நீ வாயைத் திறப்பியா?

மகள்: அந்தப் போட்டோ எடுத்தப்ப நான் மூணாங்கிளாஸ். போர்டை மாத்து.

அம்மா: உன்னைப் படிக்க வச்சதே அந்த போர்டுதான்டி.

மகள்: வாரத்துக்கு ஒண்ணு, இன்னைக்கு மாத்திரை நாள். போட்டியா?

அம்மா: ஓ, போட்டேனே. நீ உள்ள வர்றப்ப ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு இருந்தேனே, பார்க்கல?

மகள்: பார்த்தேன். அப்ப மணி எட்டு.

அம்மா: எட்டு இருக்கும்.

மகள்: இப்ப எட்டே கால்.

அம்மா: அதுக்கு என்ன? கடை திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. நீ அலசு.

மகள்: எந்திரி.

அம்மா: நுரையோடயா?

மகள்: எந்திரின்னா எந்திரி! அந்த மாத்திரை போட்டா அரை மணி நேரம் சாயக் கூடாது. தொண்டைக்குள்ள புண்ணாக்கிடும். நீ பேசின்ல கழுத்தை வச்சு மல்லாந்து கிடக்குற!

அம்மா: அட... மறந்துட்டேன்டி.

மகள்: நீயா? வாரா வாரம் ஹாஸ்டலுக்குப் போன் பண்ணி, 'மாத்திரை போட்டுட்டேன், நின்னுக்கிட்டே பேசுறேன், அரை மணி நேரம் வைக்காதே'ன்னு என் உயிரை வாங்கின நீயா மறந்த?

அம்மா: கண்ணுல ஷாம்பு போகுது... துண்டு குடு.

மகள்: இந்தா. முடியைத் தூக்கிக் கட்டணும், கிளிப் எங்க?

அம்மா: கண்ணாடிக்குக் கீழ... வலது பக்கம்... ஏய், அந்த டப்பா இல்ல! அது கொண்டை ஊசி டப்பா. அதைத் தொடாதே!

மகள்: ஏன், கொண்டை ஊசி கடிக்குமா?

அம்மா: துருப்பிடிச்சிருக்கு. கையில குத்திடும். வச்சிடு... சொன்னாக் கேளு...

மகள்: ...

அம்மா: என்னடி, பேச்சைக் காணோம்?

மகள்: எண்ணிக்கிட்டு இருக்கேன்.

அம்மா: ஊசியை எதுக்கு எண்ணுற?

மகள்: எட்டு.

அம்மா: ஏழுதானே... ஓ, இன்னைக்கு உள்ளதையும் சேர்த்தா எட்டு.

மகள்: எட்டு வாரம். எட்டு மாத்திரை. ஒண்ணு கூட உன் தொண்டையில இறங்கல!

அம்மா: கத்தாதே, பக்கத்துக் கடைக்காரர் ஷட்டர் தூக்குறார்.

மகள்: அப்ப போன்ல நின்னது?

அம்மா: நிஜமாவே நின்னேன்டி. உன்கிட்ட பொய் சொல்றப்ப உக்காரவா முடியும்?

மகள்: அம்மா... எனக்கு ஒரே ஒரு சந்தேகம்.

அம்மா: கேளு.

மகள்: முழுங்காத மாத்திரை எப்படிம்மா முடியைக் கொட்ட வைக்கும்?

அம்மா: அது... தினமும் டப்பாவைத் திறக்குறேன்ல... அந்தக் காத்து படுது.

மகள்: காத்து.

அம்மா: பலமான மருந்துடி அது.

மகள்: குனி. துண்டை எடு. இந்த நெத்தி ஓரம் ஏன் இப்படிச் செவந்து தழும்பாயிருக்கு? இது எரிஞ்சு ஆறின தோல். அம்மா, என்னத்தப் போட்ட?

அம்மா: ஒண்ணும் இல்ல.

மகள்: முடி நேராக்குற க்ரீமா? நான் போன தடவை வந்தப்ப அந்தக் கம்பெனி ஏஜென்ட் குடுத்துட்டுப் போனானே, அதுவா?

அம்மா: அதேதான்.

மகள்: வேண்டாம்னு தலையால தண்ணி குடிச்சுச் சொன்னேனே!

அம்மா: புதுசா எது வந்தாலும் கஸ்டமர் தலையில வைக்கறதுக்கு முன்னாடி என் தலையில வச்சுப் பார்ப்பேன். அது என் பழக்கம். ஊரான் வீட்டுப் பொண்ணு தலையிலயா சோதனை பண்றது?

மகள்: எத்தனை நிமிஷம் வச்ச?

அம்மா: நடுவுல டீச்சர் வந்துட்டாங்க. பேச்சு சுவாரசியத்துல...

மகள்: எத்தனை நிமிஷம்?

அம்மா: முக்கால் மணி நேரம். மாத்திரையால முடி கொட்டும்னு அன்னைக்குத்தான் அவங்க சொன்னாங்க. ஏற்கெனவே தலை எரியுது, இதுல அது வேறயான்னு மாத்திரையை எடுத்து டப்பாவுல போட்டேன். அப்புறம் முடி கொட்ட ஆரம்பிச்சுது. க்ரீம்னு உன்கிட்ட சொன்னா ஒரு மணி நேரம் வகுப்பெடுப்ப. மாத்திரை மேல பழி போட்டா அது திருப்பிப் பேசாதுல்ல?

மகள்: அதனால இடுப்பை உடைச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்ட. நல்லா இருக்கும்மா, ரொம்ப நல்லா இருக்கு! நம்ம வீட்டுல லேபிளைப் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். ஒரு போன் போட்டா வாசிச்சுக் காட்டியிருக்க மாட்டேனா? அம்மா படுக்கையில கிடக்குறாங்கன்னு ஒரு நாள் போன் வரும், நான் எந்த பஸ்ஸைப் பிடிச்சு...

அம்மா: ஏய்... அழுவுறியா?

மகள்: ஷாம்பு.

அம்மா: உன் கண்ணுல எப்படிடி ஷாம்பு போச்சு? சரி... ஒண்ணைக் குடு.

மகள்: என்னது?

அம்மா: மாத்திரைதான். வெறும் வயித்துல போடுற மருந்துன்னு காலையில இருந்து காபி கூட குடிக்கல. பொய் சொன்னாலும் வெறும் வயித்துலதான்.

மகள்: இந்தா. ஒண்ணுதான்! விட்டதை எல்லாம் சேர்த்துப் போட்டுடாதே. தண்ணி முழுசா குடி. டாக்டர்கிட்ட மாத்திரை, க்ரீம், டப்பா, எல்லாத்தையும் நீயே உன் வாயால சொல்ற.

அம்மா: காத்து பட்டதையுமா?

மகள்: அதை விட்டுடு.

அம்மா: ம்ம்... இறங்கிடுச்சு. இனி அரை மணி நேரம் நிக்கணும். சும்மா எப்படி நிக்கிறது? நீ நாற்காலியில உக்காரு, ஒத்தக் கையால உனக்குத் தலை வாரி விடுறேன்.

மகள்: வேண்டாம்மா.

அம்மா: வந்ததுல இருந்து பார்க்குறேன், கடைக்குள்ள எதுக்கு ஸ்கார்ஃப்? பஸ் தூசின்ன. தூசி எல்லாம் இந்நேரம் அடங்கியிருக்கும். கழட்டு.

மகள்: அப்புறம்...

அம்மா: அந்த க்ரீம்ல எனக்கு ஒரு ட்யூப், உனக்கு ஒரு ட்யூப்னு அன்னைக்கு ரெண்டு வாங்கினேன். உன்னோடதைக் குப்பையில போட்டுட்டேன்னுதானே சொன்ன?

மகள்: ஆமா.

அம்மா: எந்தக் குப்பையிலடி?

மகள்: அம்மா, கையை எடு... முடிச்சை அவிழ்க்காதே... சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!

அம்மா: அடிப்பாவி! கால்வாசி முடியைக் காணோமேடி!

மகள்: இன்டர்வியூவுக்கு நேரா இருக்கட்டும்னு... ஒரே ஒரு தடவைதான்...

அம்மா: லேபிளைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு! போடுறதுக்கு முன்னாடி அதைப் படிச்சியா இல்லையா?

மகள்: படிச்சேம்மா. 'சிலருக்கு'ன்னு போட்டிருந்துச்சு.