நடக்க வைக்குத மாத்திரை

பூட்டைத் தொடாண்டாம் மக்கா, ஜன்னல் பக்கமா வந்து நில்லு. சாவி எங்க வீட்டுக்காரருட்டயாக்கும் இருக்கு. சந்தைக்குப் போயிருக்காரு. ஆமா, வெளிய போனா என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போவாரு. நான் யாருகூடயோ ஓடிருவனாம்! இந்த முட்டு வலிய வச்சிட்டு நான் எங்க ஓட?

சிரிக்காத. நெசமாட்டு நம்புதாரு.

நீ நர்ஸு, உனக்குத் தெரியாததா. உங்க டாக்டர் எனக்கு விளங்குத மாதிரி சொன்னாரு. தலைக்குள்ள டோபமின் சுரக்குத செல்லு எல்லாம் ஒரே இனம் இல்லையாம். ஒரு கூட்டம் கைகாலு அசைய, ஒரு கூட்டம் ஆசைக்கு, இன்னொண்ணு பயத்துக்குன்னு தனித்தனியாட்டு இருக்காம். இந்த நடுக்க வியாதில இவருக்கு நடக்க வைக்குத கூட்டந்தான் பட்டுப்போச்சு. மாத்திரைக்கு அது தெரியுமா? சும்மா கெடந்ததையும் போய்க் கெளப்பிவிட்டுது.

பஸ் ஓட்டின கையாக்கும் மக்கா. அந்தக் கையி ஒரு தம்ளர் சாயா பிடிக்க மாட்டாம சட்டையெல்லாம் கொட்டிச்சு. பெறவு காலும் எழும்பல. மாத்திரை தொடங்கின பெறவு தானாட்டு எழும்பி சர்ச்சுக்கு நடந்தாரு பாரு, நான் பெஞ்சுல இருந்து அழுதேன்.

அதுக்குப் பெறவுதான் இந்த வெப்ராளம், இந்தச் சந்தேகம். மீன்காரன் செல்வன் ரெண்டு சாளை கூடப் போட்டான்னு சண்டை. போனைப் பிடுங்கினாரு. போதகரு ஜெபிக்க வந்தா, அவரு கண்ணை மூடினாரா உன்னைப் பாத்தாரான்னு கேள்வி. முன்ன ஒரு வார்த்தை இப்பிடிக் கேட்டவரில்ல, கேட்டியா. உள்ள வெந்துட்டாக்கும் பூட்டுதாரு.

அடிச்சாரான்னா... ஒருக்கா கையப் பிடிச்சு முறுக்கினாரு. அதை எழுதாண்டாம். போலீசும் வேண்டாம்.

ஆமா, டாக்டர் மாத்திரையைப் பாதியாட்டுக் குறைச்சாரு. சந்தேகம் அடங்கத்தான் செய்துது. கதவு தொறந்து கெடந்துது. ஆனா மனுசன் கட்டில்ல மரம் மாதிரி கெடந்தாரு. எச்சில் வடிஞ்சாத் தொடைக்கக் கையி வராது. ஒரு நாள் கக்கூசுக்குப் போற வழியிலயே போயிட்டாரு. நான் கழுவி விடும்ப, ஜாஸ்பின், எனக்கு என்னத்தையாவது கலக்கித் தான்னாரு. அந்தக் குரலு இப்பவும் காதுல கெடக்கு. கதவு தொறந்துதானே கெடந்துது, நான் எங்க போனேன்?

நீ போயிட்டு வா மக்கா. ஜன்னல்ல யாருட்ட பேசினேன்னு இனி அதுக்கும் கேப்பாரு.

இல்ல, இண்ணைக்கு நல்லா இருக்காரு. பட்டனெல்லாம் அவரே போட்டாரு. பூட்டினதும் ஒரே திருப்புதான், கை நடுங்கல்ல.

பாதி மாத்திரையில எப்பிடின்னு முழிக்காத. டாக்டர்ட்டயும் சொல்லாண்டாம். மத்தப் பாதியைக் காலம்பற சாயாவோட நான்தான் குடுக்குதேன்.