ஜன்னலைத் திறந்து பார்த்தீர்களா?

வெள்ள முன்னறிவிப்பு நிலையத்தின் தலைமைக் கணிப்பாளராகப் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் எங்கள் மேடம் அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் உளம் கனத்து அளிக்கும் மடல்.

ஆற்றின் ஏற்றமும் இறக்கமும் அறிந்தவரே! மழை நாளில் எங்களுக்கு முன்னே வந்து, மழை ஓய்ந்த நாளிலும் எங்களுக்குப் பின்னே வீடு திரும்பியவரே! பிழையைப் பொறுத்தவரே, பிழையை மறைப்பதை ஒருபோதும் பொறுக்காதவரே! வணக்கம்.

இதற்குமேல் அடைமொழிகளை அடுக்க அச்சமாக இருக்கிறது. எங்களில் ஒருவர் அறிக்கையில் ‘ஆறு சீறிப் பாய்கிறது’ என்று எழுதியபோது, “சீறுதா? எத்தனை மீட்டர் சீறுது?” என்று கேட்டு, அந்தச் சொல்லை அடித்துவிட்டு எண்ணை எழுதச் சொன்னவர் நீங்கள். ஆகவே அளந்தே பேசுகிறோம்.

இந்த மடலுக்கு நீங்கள் ஒரு நிபந்தனை விதித்தீர்கள். “அந்த நாளைப் பத்தி ஒரு வரி எழுதினாலும் நான் மேடை ஏற மாட்டேன்” என்றீர்கள். எழுதியிருக்கிறோம். நீங்களும் ஏறிவிட்டீர்கள். இனி இறங்கிப் போவதென்றால், முழுவதையும் கேட்டுவிட்டுப் போகும்படி வேண்டுகிறோம். நீங்கள் இல்லாமல் இந்த மேடை வெறும் பலகை. அந்த நாள் இல்லாமல் இந்த மடல் வெறும் தாள்.

அவையில் புதியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக அதைக் கதையாகவே சொல்கிறோம். கதைக்குள் நீங்கள் ‘நீங்கள்’ அல்ல, ‘மேடம்’ மட்டுமே. கேட்பதற்கு அது கொஞ்சம் எளிதாக இருக்கலாம்.

எங்கள் அறையில் இரண்டு ஆறுகள் உண்டு. ஒன்று வெளியே ஓடுவது. மற்றொன்று கணினித் திரையில் ஓடுவது. மழை, மலையின் சாய்வு, மண்ணின் ஈரம் எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு, அடுத்து தண்ணீர் எவ்வளவு உயரும் என்று திரையாறு சொல்லும். பாலங்களுக்கு அடியில் தொங்கும் சென்சார்கள், மெய்யாற்றின் உயரத்தை அளந்து ஓயாமல் அனுப்பும். இரண்டும் வேறுபட்டால் திரையாறு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். ‘மழையைக் கூடுதலாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது, மண் அதிகம் குடித்துவிட்டது போலிருக்கிறது’ என்று தன் அனுமானங்களை மாற்றிக்கொண்டு, மெய்யாற்றோடு ஒட்டி ஓடத் தொடங்கும். அதுதான் மேடம் கட்டியெழுப்பிய கணக்கு.

அறையில் அதற்குப் பொய்யாறு என்று பெயர் வைத்தார்கள். பெயர் காதில் விழுந்த அன்று மேடம் கோபப்படவில்லை. “கண்ணை மூடிட்டு நம்பினா அது பொய் ஆறு. கேள்வி கேட்டுட்டே இருந்தா பொய்யா ஆறு. ரெண்டும் உங்க கையிலதான் இருக்கு” என்றார். இலக்கணம் அதற்கு இடம் கொடுக்குமா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

சென்சார்களைப் பராமரித்தவர் ஒரு தொழில்நுட்பப் பணியாளர். சென்சாரின் முகத்தில் சிலந்தி வலை கட்டினால் அளவு தவறும். வலையைத் துடைப்பதே அவருக்குப் பாதி வேலை என்பதால் எல்லோருக்கும் அவர் ‘ஒட்டடை அண்ணன்’. சிரிக்காமல் சிரிக்க வைப்பவர். மேடத்தைக் கிண்டல் செய்யும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

பல நாளாக மழை விடாத ஒரு நாள் அது. திரையாறு மேலும் ஏறும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பகல் உணவு முடிந்த வேளையில், மேல் பாலத்துச் சென்சார் தண்ணீர் இறங்குவதாகச் சொல்லத் தொடங்கியது. திரையாறு சற்று முரண்டுபிடித்தது. பிறகு இணங்கியது. கோடு வளைந்து கீழே வந்தது. மஞ்சளாக இருந்த எச்சரிக்கைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. நாள்கணக்கில் தூங்காத அறையில் யாரோ கைதட்டினார்கள்.

மேடம் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். அவருடைய ஐயம் சென்சார்மேல் இருந்தது.

“மேல் பாலத்துல மறுபடியும் வலை கட்டிருக்கும் போல. கொஞ்சம் போய்த் துடைச்சிட்டு வந்துடுங்களேன்.”

அண்ணன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே, “இப்படியே போனா சிலந்திங்க எல்லாம் ஒண்ணு சேர்ந்து என் மேல கேஸ் போடப் போகுதுங்க மேடம்” என்றார்.

“போட்டா நான் சாட்சி சொல்றேன். சீக்கிரம் வாங்க, டீ ஆறிடும்.”

அவர் போனார். மேடம் திரையைப் பார்த்தபடி இருந்தார். வெளிச்சம் பட்டுத் திரை கூசுகிறது என்று அந்த அறையின் ஜன்னல்களுக்குக் கனத்த சீலை போட்டு மூடியிருந்த காலம் அது. குளிர்சாதனத்தின் இரைச்சலில் மழையின் ஓசைகூட உள்ளே வராது.

சற்று நேரத்தில் வயர்லெஸ் கரகரத்தது.

“மேடம், ஒட்டடை இல்ல, சேறும் இல்ல. கண்ணு சுத்தமாத்தான் இருக்கு. தண்ணிதான் இல்ல. அடியில பாறையெல்லாம் தெரியுது.”

அறையில் சிலர் சிரித்தார்கள். சென்சார் சரி, திரையும் சரி, இரண்டும் ஒத்துப்போகின்றன. வேறென்ன வேண்டும்?

மேடம் சிரிக்கவில்லை. யாரும் வழக்கமாகப் பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தார். தண்ணீர் குறைந்ததற்குத் திரையாறு தனக்குத்தானே என்ன காரணம் சொல்லிக்கொண்டது என்பது அதில் இருக்கும். ‘மலையில் மழை: இல்லை’ என்று இருந்தது.

அவர் எழுந்து போய்ச் சீலையை இழுத்தார். கண்ணாடிக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலை இருந்த இடமே தெரியவில்லை.

கணக்கு சென்சாரை நம்பியது, அது சரி. தண்ணீர் குறைந்ததற்குக் காரணம் தேடியது, அதுவும் சரி. ஆனால் மலை சரிந்து ஆற்றை மறிக்கும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தெரியாததை அது எப்படி நினைக்கும்? தனக்குத் தெரிந்த ஒன்றின்மேல், மழையின்மேல், பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் பச்சை காட்டியது.

மேடம் வயர்லெஸ்ஸை எடுத்தார். அவர் குரல் உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

“மேல ஏறுங்க! வண்டியை விட்டுட்டு ஏறுங்க!”

“என்ன மேடம்?”

“மேல எங்கயோ ஆத்தை மறிச்சிருக்கு. உடைஞ்சா மொத்தமா வரும். ஏறுங்க!”

“சரி மேடம். சென்சார் பெட்டி திறந்து கிடக்கு, மூடியைப் போட்டுட்டு இதோ...”

மழையில் பெட்டியைத் திறந்து போடாதே என்பது எங்கள் பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் விதி. வெளியிலிருந்து வருபவருக்கு அது அற்பமாகத் தோன்றலாம். எங்களில் யாராக இருந்தாலும் மூடியிருப்போம்.

சைரன் பொத்தான் அறையின் மறுகோடியில் இருந்தது. மேடம் வயர்லெஸ்ஸைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். இயக்குநர் குறுக்கே வந்தார்.

“ஸ்க்ரீன் முழுக்கப் பச்சை மேடம். ஊரையே கிளப்பிவிட்டுட்டு ஒண்ணும் வரலைன்னா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

“ஆறு வத்திட்டிருக்குங்க!”

“கொட்டுற மழையில ஆறு எப்படி சார் வத்தும்? ஜன்னலைத் திறந்து பாருங்க!”

அவர் திரும்பிப் பார்த்தார். வழி விட்டார். சைரன் ஒலித்தது. ஆற்றோரத் தெருக்களில் இருந்தவர்கள் பாதி நம்பியும் பாதி திட்டியும் மேட்டுக்கு ஏறினார்கள். குழந்தைகளையும் கிழவர்களையும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கடைசி ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோதே மேல் பாலத்துச் சென்சாரிலிருந்து ஓர் அளவு வந்தது. தண்ணீர் பாலத்தின் அடியையே தொட்டுவிட்டது என்றது அது. அதன்பின் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

மேடம் ஓடிவந்து வயர்லெஸ்ஸை எடுத்துக் கூப்பிட்டார். வெகுநேரம் கூப்பிட்டார்.

ஆற்றோரத் தெருக்களில் வீடுகள் போயின. ஆட்கள் ஒருவரும் போகவில்லை. போனவர் ஒருவர்தான். மேசையில் அவருடைய டீ இருந்தது.

கதை அவ்வளவுதான். இனி மறுபடியும் நீங்கள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் மலைச்சரிவைப் பற்றியோ மூடியைப் பற்றியோ நீங்கள் முதலில் பேசவில்லை. “நான்தான் அனுப்பினேன்” என்றீர்கள். விருது வந்தபோது, திருப்பி அனுப்பும்படி ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அடுத்த வாரம் ஜன்னல் சீலைகளை நீங்களே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினீர்கள். கணக்கிலும் ஒரு பூட்டு வைத்தீர்கள். திரையாறு தன் அனுமானத்தைப் பெரிதாக மாற்றிக்கொண்டால், பச்சை காட்டுவதற்கு முன் அது நின்றுவிடும். ‘ஜன்னலைத் திறந்து பார்த்தீர்களா?’ என்று கேட்கும். ஓர் ஆள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் தந்தால்தான் மேலே நகரும். வேறு நிலையத்தார் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். உங்களுக்கு ‘ஜன்னல் மேடம்’ என்று பெயர் வந்தது அப்படித்தான். பெயர் வைத்தவர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். பிறகு தங்கள் நிலையத்திலும் அதே பூட்டை வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அன்றிலிருந்து நீங்கள் டீயை ஆறவிட்டுத்தான் குடித்தீர்கள். நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

அண்ணனின் மனைவி எங்கள் நிலையத்திலேயே பணிக்குச் சேர்ந்தார். எங்களுக்கு அவர் அக்கா. அளவுகளைக் கண்காணிக்கும் மேசையில், உங்களுக்கு நேர் எதிரில் அமர்ந்தார். “மேல் பாலம் என்ன சொல்லுது?” என்று நீங்கள் கேட்பீர்கள். “ஏறுதுங்க மேடம்” என்றோ “இறங்குதுங்க மேடம்” என்றோ அவர் சொல்வார். இத்தனை ஆண்டுகளில் உங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு அவ்வளவே.

இந்த மடலில் அந்த நாளை விட்டுவிடுவதாகத்தான் இருந்தோம். அக்காவிடம் அதைச் சொன்னோம். அவர் சொன்னதை அவர் அனுமதியோடு, ஒரு சொல் மாற்றாமல் வாசிக்கிறோம்.

“விட்டுட்டு எழுதினா, அவரும் இங்க வேலை பார்க்கல, அவங்களும் பார்க்கலன்னு ஆயிடும். எழுதுங்க. ஆனா நான் மன்னிச்சிட்டேன்னு எழுதாதீங்க. மன்னிக்கிறதுக்கு அவங்க என்ன தப்பு பண்ணாங்க? எனக்கு வருத்தம் தீந்துடுச்சுன்னும் எழுதாதீங்க. அது தீராது. அவங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவரு ஞாபகம் வரும். அதனாலதான் நேர்ல பேசினதில்ல. ஒண்ணு மட்டும் எழுதுங்க. ‘தண்ணிதான் இல்ல’ன்னு அவரு சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்களாம். அவரு தமாஷ் பண்றாருன்னு நினைச்சிருப்பாங்க. வாழ்நாள் முழுக்க தமாஷ் பண்ண மனுஷன். அன்னைக்கு அவரு சொன்னதை நிஜம்னு எடுத்துக்கிட்டது அவங்க ஒருத்தங்கதான்.”

மேடம், உங்கள் கணக்கு செய்த பிழையை நீங்களே கண்டுபிடித்தீர்கள். காரணம் தெரியாதபோது, தனக்குத் தெரிந்த ஒன்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு அது அடங்கிப்போயிற்று. அந்த நாளைக் குறித்து நீங்களும் அதையேதான் செய்தீர்கள் என்று சொல்லத் துணிகிறோம். மலை இருந்தது, மழை இருந்தது, மூடி இருந்தது, சுவரில் எழுதிய விதி இருந்தது, வழியை மறித்த ஒரு நொடித் தயக்கம் இருந்தது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஆளின்மேல் பழியைப் போட்டீர்கள். உங்கள்மேல். அதன்பின் அந்தக் கணக்கை ஒருவரையும் திறந்து பார்க்கவிடவில்லை.

அண்ணன் அங்கே போயிராவிட்டால் சென்சார் பழுது என்றே இருந்திருப்போம். அவர் சொன்னதை நீங்கள் கேட்டிராவிட்டால் ஆறு வற்றிவிட்டது என்றே இருந்திருப்போம். ஆற்றோரத் தெருக்களில் இன்று விளையாடும் பிள்ளைகளுக்கு உங்கள் இருவரையும் தெரியாது. உங்கள் இருவரையும் பிரித்துச் சொல்ல எங்களுக்கும் தெரியாது.

ஓய்வு உங்களுக்கு எளிதாக இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டோம். மழை பெய்தால் உறக்கம் கெடும். கெட்டால் தொலைபேசியில் அழையுங்கள். மேல் பாலம் என்ன சொல்கிறது என்று எந்நேரமும் சொல்வோம்.

நோயின்றி, நெடுநாள், நிறைவோடு வாழ்வீர்கள் என்பது எங்கள் முன்கணிப்பு. வருகின்ற ஒவ்வொரு நாளும் அதைத் திருத்தட்டும், மேல்நோக்கியே திருத்தட்டும். ஆனால் ஆறிய டீ மட்டும் இனி வேண்டாம்.

சட்டத்துக்குள் இல்லாத ஒன்றையும் சேர்த்து வாசிக்கிறோம். இந்த மடலுக்குச் சட்டம் போட்டு வந்ததும், அதன் கண்ணாடியை இன்று காலை தன் சேலை முந்தானையால் துடைத்தவர் அக்கா. “கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்றார். நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. நீங்களே கொடுங்கள் என்றோம்.

அதைக் கையில் பிடித்தபடி அவர் மேடைப் படியில் நிற்கிறார், மேடம். திரும்பிப் பாருங்கள்.

இவண்,
சீலையில்லாத ஜன்னல்கள் உள்ள அறையில்
உங்கள் கேள்விக்கு இனி எழுந்து போய்ப் பார்த்துப் பதில் சொல்லப்போகும்
நிலைய ஊழியர்கள்