பனியாற்றுக்கு மூட்டிய அடுப்பு

குதிரைக்கறி வேக நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் செருப்பைக் கடிப்பது போல இருக்கும். அதனால்தான் அன்று விடிந்ததுமே அடுப்பு மூட்டிவிட்டோம். வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஏதோ ஆத்திரத்தில் நடந்துவிட்டது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

எங்கள் மலைமேல் உறைந்து கிடக்கிற பனியாறு உருகிச் செத்துக்கொண்டிருக்கிறது. மேலே தங்கச் சுரங்கம் வந்தால் மிச்சமும் போய்விடும்; எங்கள் ஊருக்கு வேறு தண்ணீர் கிடையாது. ஊர்வலம் போனோம், கத்தினோம், ஒரு நாதியும் திரும்பிப் பார்க்கவில்லை. மனிதருக்குச் செய்கிற இழவைப் பனியாற்றுக்குச் செய்வோம் என்று சொன்னது நான்தான். கூடாரம் அடித்தோம், குதிரை வெட்டினோம். பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள், ஆண்கள் வாசலில் கோலூன்றிக் குனிந்து அழுதார்கள். முறையில் ஒரு குறை சொல்ல முடியாது.

இடம் கல்வயல். சுரங்கத்துக்கான சாலை அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் வரையாடும் வேடனும் கொத்திவைத்த பெரிய கருங்கல் ஒன்று உண்டு. அந்தக் கல்லைக் காட்டித்தான், அதைக் காக்க அரசாங்கம் வைத்த காவலர் முகாஷ் சாலையை நிறுத்திவைத்திருந்தார். மனு மேல் மனு எழுதுவார், தள்ளிப்போடுவார். தள்ளிப்போடுவதெல்லாம் ஒரு போராட்டமா? எனக்கு அந்த ஆளைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

அடுப்பை அந்தக் கல்லை ஒட்டித் தோண்டச் சொன்னேன். காற்றுக்கு மறைவு என்று மற்றவர்களிடம் சொன்னேன். முகாஷ் ஓடிவந்தார்.

“சைரா, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? அடுப்பைத் தள்ளிப் போடும்மா. கல்லு தாங்காது.”

“இழவு வீட்டு அடுப்பை அணைக்கணும்கிறீங்களா அண்ணே? அணைங்க. எங்க ஆளுங்க முன்னாடியே அணைங்க.”

“அதெப்படி அணைக்கிறது? கறி வேகுதே.”

“அப்ப உக்காருங்க. சாவுக்கு வந்துட்டு நின்னுக்கிட்டே சண்டை போடுவாங்களா?”

உட்கார்ந்தார். எங்களில் எவரும் அந்த அடுப்பை அணைக்க மாட்டார். அவரும் எங்களவர்தான், அது எனக்குத் தெரியும். தேநீர் கொடுத்தேன். அவர் பக்கத்தில், பனியாற்றிலிருந்து கொண்டுவந்த இரண்டு வாளித் தண்ணீரையும் வைத்தேன்.

கல் நன்றாகச் சூடேறிய பிறகு கொப்பரையைக் கொஞ்சம் சாய்த்தேன். கொழுப்பு வழிந்தது, தீ குபுகுபுவென்று எழுந்து வரையாடுகளை நக்கியது. முகாஷ் ஐயோ என்று அலறி வாளியைத் தூக்கினார். எங்கள் ஊரில் நீராவிக் குளியல் போடுகிற யாருக்கும் தெரியும், பழுக்கக் காய்ந்த கல்லில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் என்ன ஆகும் என்று. அவருக்கும் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளை மேல் தீப்பிடித்தால் யார் யோசிக்கிறார்கள்? கொட்டிவிட்டார். ஒரே சத்தம். ஆடுகள் இருந்த முகப்பு அப்படியே பிளந்து விழுந்தது.

அவர் அதை மடியில் அள்ளிக்கொண்டு அழுதார். கூடாரத்தின் ஒப்பாரி நின்றுவிட்டது. எல்லோரும் செல்போனில் படம் பிடித்தார்கள். பிடிக்கச் சொன்னதும் நான்தான். பனியாற்றின் தண்ணீர், அரசாங்கத்தின் கை, உடைந்த கல். அன்று சாயங்காலத்துக்குள் நாடே பார்த்தது. பனியாறு உருகுவதை எவன் உட்கார்ந்து பார்ப்பான்?

தானே உடைத்ததாக முகாஷ் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பாவம், அப்படித்தான் நம்புகிறார். அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். இரக்கத்தில் சொல்லவில்லை. யோசித்தது நான், செய்தது நான். பெயர் மட்டும் அவருக்குப் போவதா? வருத்தமா என்று கேட்டீர்கள். இல்லை. இன்னொரு கல் இருந்தால் அதன் பக்கத்திலும் அடுப்பு தோண்டுவேன்.

உடைந்த கல்லுக்குக் காவல் எதற்கு என்று கல்வயலைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். இந்த ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்து சாலை போட ஜல்லி லாரிகள் மேலே போய்க்கொண்டிருக்கின்றன. பாருங்கள் ஐயா, எவ்வளவு அவசரப்படுகிறார்கள். எங்களைக் கண்டு பயந்துவிட்டார்கள்.