காலியாக இருக்க வேண்டிய கட்டம்

ஐம்பத்தைந்து மணி நேரம் பதினான்கு நிமிடம். உங்கள் கோப்பில் 'சுமார் இரண்டரை நாள்' என்று எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை காலை 9:02க்கு முதல் செய்தி. புதன்கிழமை மாலை 4:16க்குக் கீழ்வீட்டுக்காரர் பூட்டுத் திறப்பவரைக் கூட்டிவந்து கதவைத் திறந்தார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். நான் இயற்பியல் படித்தவள், மேடம். 'சுமார்' என்ற சொல் எனக்கு ஒத்துவராது.

விசாரணையில் நேரில் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை என்று கோபப்பட்டீர்கள். தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு வெளியே போனது நல்லது. எழுத எனக்கு வரும்.

எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். ஒரு மருத்துவமனையின் இணையதளத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீண்டகால நோயாளிகள் அதில் ஒரு படிவம் நிரப்பினால், பணியில் இருக்கும் செவிலியருக்குச் செய்தி போகும். மருந்து தீர்ந்துவிட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். படிவத்தைத் திறந்துவைத்தால் மனிதர்கள் மட்டும் வருவதில்லை. விளம்பரக் குப்பை கொட்டும் தானியங்கி நிரல்களான பாட்களும் வரும். ஒரு நாளைக்கு நாலாயிரம் குப்பை. செவிலியர் எதைப் படிப்பார்?

முன்பு இருந்த வழி உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒன்பது படம் காட்டி, படிக்கட்டு இருக்கும் படங்களைத் தொடு என்பார்கள். கை நடுங்குகிறவர்களால் முடியவில்லை. 'எனக்கு மூச்சு வாங்குகிறது, நீங்கள் என்னைப் படிக்கட்டு எண்ணச் சொல்கிறீர்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை என் மேசையில் ஒட்டிவைத்திருந்தேன். மனிதர் தன்னை மனிதர் என்று எதற்காக நிரூபிக்க வேண்டும்? இயந்திரம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கட்டும். அப்படித்தான் யோசனை வந்தது.

படிவத்தில் ஒரு கட்டத்தை ஒளித்துவைப்பது. 'இணையதள முகவரி' என்று அதற்குப் பெயர். திரையில் அது தெரியாது. பார்க்கிற மனிதர் அதை நிரப்பமாட்டார். பாட் திரையைப் பார்ப்பதில்லை, கட்டம் என்று எங்கே இருந்தாலும் நிரப்பிவிடும். நிரம்பியிருந்தால் அது இயந்திரம். நோயாளிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இன்னொன்றும் சேர்த்தேன். பிடிபட்டதிடம் 'உன்னைப் பிடித்துவிட்டேன்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் வேறு வழியில் திரும்பி வரும். அதனால் எல்லோருக்கும் காட்டுகிற அதே பக்கத்தைத்தான் அதற்கும் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தின் வாசகமும் நான் எழுதியதுதான். 'நன்றி. உங்கள் செய்தி கிடைத்தது. நான்கு மணி நேரத்துக்குள் உங்களைத் தேடி வருவோம்.'

இனி மைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்லூரி முதல் நாளிலிருந்து என் தோழி. வாய் ஓயாது, அதனால் மைக். நான் பேசமாட்டேன், அதனால் மியூட். அலுவலகத்திலும் அதே பெயர்கள் ஒட்டிக்கொண்டன. காலையில் நாங்கள் உள்ளே நுழைந்தால், "வந்தாச்சுப்பா மைக்கும் மியூட்டும், இனி ஆபீஸ் ஆரம்பிக்கலாம்" என்று வாசலில் இருக்கும் காவலாளிகூடச் சொல்வார். நேர்முகத் தேர்வில் நான் தடுமாறியபோது, அடுத்த அறையிலிருந்து உள்ளே வந்து, "சார், இவளுக்குத் தெரியும் சார். கொஞ்சம் டைம் குடுங்க" என்றவள் அவள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவளுடைய அப்பா தனியாக இருந்தார். அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடி. முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. தினமும் இன்சுலின் ஊசி வேண்டும். எனக்கு அப்பா இல்லை, அதனால் அவரை நானும் அப்பா என்றேன். மகள் பெரியவள், நான் சின்னவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவளுக்கு ஏதாவது வேலை இருக்கும். சின்னவள்தான் போவாள்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை அவருடைய போனில் போட்டுக்கொடுத்தது நான். அது ஒரு பெண்குரல். அவர் அதைக் கண்டக்டரம்மா என்பார்.

"ஏம்மா சின்னவளே, இந்தக் கண்டக்டரம்மாவுக்குத் தொண்டையே வறளாதா? ஒரு ஸ்டாப்பு விடாமக் கத்துறாங்க."

"நீங்க தாண்டிப் போலாம்ப்பா. ரெண்டு தடவ தட்டுங்க."

"ஸ்டாப்பு சொன்னா நிறுத்தணும்மா. யாரு இறங்குவா, யாரு ஏறுவான்னு நமக்கு எப்படித் தெரியும்? முப்பத்தொரு வருஷத்துல ஒரு ஸ்டாப்பு தாண்டினதில்ல நான்."

என் படிவத்தை முதலில் சோதித்தது அவருடைய போனில்தான். பெயர், வயது, நோயாளி எண், எல்லாவற்றையும் வாயால் சொன்னார், போன் எழுதிக்கொண்டது. பிறகு கண்டக்டரம்மா, 'இணையதள முகவரி' என்றாள். கண்ணுக்குத்தான் அது மறைவு. குரலுக்கு இல்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லம்மா" என்றார். மரியாதைக்காக, "மன்னிச்சிக்கோம்மா" என்றும் சேர்த்துக்கொண்டார். கட்டம் நிரம்பியது. என் நிரல் அவரை இயந்திரம் என்றது.

அங்கேயே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தேன். வாசிக்கும் குரல் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகட்டும் என்று சொல்லும் வரி. மறுபடி சோதித்தோம். அந்தக் கட்டத்தை அவள் சொல்லவில்லை, அவர் நிறுத்தவில்லை, செய்தி போனது. "பாஸா?" என்றார். "பாஸ்ப்பா" என்றேன். அந்த ஒரு வரி அவருக்காகவே எழுதப்பட்டது.

மறு வாரம் கூட்டம். நானே சொல்வதாக இருந்தேன். மூன்று நாள் கண்ணாடி முன் பேசிப் பழகியிருந்தேன். மேலாளர், "யார்கிட்டயாவது யோசனை இருக்கா?" என்று கேட்டு முடிப்பதற்குள் மைக் எழுந்தாள். நான் நம்பி அவளுக்கு அனுப்பியிருந்த என் படங்கள், என் எண்கள், என் நிரல், படிக்கட்டுக் கடிதம்கூட. "எனக்கு ஒரு ஐடியா தோணிச்சு சார்" என்று ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் மட்டும், "டெஸ்டிங்குக்கு இவ ஹெல்ப் பண்ணா" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மேலாளர் ஒரு கேள்வி கேட்டார். "தப்பித்தவறி ஒரு மனுஷன் மாட்டிக்கிட்டா?"

"மாட்டினதெல்லாம் ஒரு தனிப் பெட்டிக்குப் போகும் சார். ஒரு ஆள் அப்பப்ப பாத்து, மனிதர், இயந்திரம்னு ரெண்டுல ஒரு பட்டனை அழுத்துவாங்க. மனிதர்னா உடனே நர்ஸுக்குப் போயிடும். அந்தப் பொறுப்ப நானே எடுத்துக்கறேன்."

தேநீர் இடைவேளையில் என்னைத் தேடி வந்தாள்.

"என்னடி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"அது என்னோடது."

"உன்னோடதுதான், யாரு இல்லன்னா? நீ எழுந்து சொல்லியிருப்பியா? இன்னும் மூணு வருஷம் உன் லேப்டாப்லயே தூங்கியிருக்கும். எனக்கு வந்தா உனக்கு வந்த மாதிரிதானடி."

அவள் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, "ஆமா, நடுவுல ஒரு வரி இருந்துச்சே, அது எதுக்கு? ஒண்ணும் பண்ற மாதிரி தெரியல, தூக்கிட்டேன். அப்பவும் நல்லாத்தான் ஓடுது" என்றாள்.

எந்த வரி என்று எனக்குப் புரிந்தது. யாருக்காக எழுதிய வரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வாழ்த்துச் சொல்லத்தான். போய்விட்டாள்.

அன்று சொல்லியிருக்கலாம், மறுநாள் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். நான்கு மாதம் இருந்தது. ஆனால் அது இனி அவளுடைய வேலை. அவளுடைய வேலையில் இருக்கும் பிழையை அவளே கண்டுபிடிப்பதுதான் முறை. பார்வையற்றவர் யாராவது புகார் எழுதுவார், மேலாளர் அந்த வரியைப் பற்றிக் கேட்பார், அவள் பதில் தெரியாமல் விழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இதுவே என் ஆசை. இதில் யாருக்கும் கெடுதல் இல்லை. அந்த நான்கு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. போனால் சொல்லிவிடுவேன் என்று பயம். என் போன் எண்ணையும் மாற்றிக்கொண்டேன்.

புகார் வரவில்லை. பதவி உயர்வு வந்தது. அந்த யோசனையை விளக்கிப் பேசத் தலைமை அலுவலகத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. விமானம், ஹோட்டல், மூன்று நாள். ஞாயிறு காலை கிளம்பிப் போனாள்.

அதே ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்பாவின் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. அவருக்கு அது தெரியாது. அதன் விளக்கு அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. திங்கள் காலை ஊசி போட மருந்தை எடுத்தபோதுதான் குப்பி வெதுவெதுப்பாக இருப்பது தெரிந்தது. கெட்டுப்போன மருந்து என்று அதை அவர் போடவில்லை.

செய்திகளின் நகலை நேற்று என் முன் வைத்தீர்கள். முதல் செய்தி அமைதியாகத்தான் இருக்கிறது. 'ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சு. இன்சுலின் சூடாயிடுச்சு. புதுசு வேணும். அவசரமில்ல, மத்தியானத்துக்குள்ள வந்தா போதும்.' அடுத்த கட்டத்தில், 'இல்லம்மா, மன்னிச்சிக்கோம்மா.' நான்கு மணி நேரத்துக்குள் வருவோம் என்று கண்டக்டரம்மா அவருக்கு வாசித்திருப்பாள். நான்கு மணி நேரம் கழித்து அடுத்த செய்தி. பேருந்துக்காரர் அல்லவா, நேரம் தவறமாட்டார்.

வேறு யாரையாவது அழைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நான்காவது செய்தியைப் பாருங்கள். 'இது என் பெரிய பொண்ணு செஞ்ச வெப்சைட்டு. கண்டிப்பா வருவீங்கன்னு தெரியும்.' செவ்வாய் காலை மைக் அவரை அழைத்தபோது, "எல்லாம் சரியா இருக்கும்மா, நீ நல்லாப் பேசிட்டு வா" என்றிருக்கிறார். மகள் செய்ததில் குறை இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. மகளிடமே அதைச் சொல்லவும் மனம் வரவில்லை.

ஆறாவதிலிருந்து வார்த்தைகள் குழறுகின்றன. வாந்தி, தாகம் என்கிறார். இரண்டு முறை சொன்னதையே சொல்கிறார். ஆனாலும் எதிலும் ஒரு கட்டத்தையும் தாண்டவில்லை. 'இல்லம்மா' என்பது எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஒன்பதாவது மருந்தைப் பற்றியது அல்ல. 'அங்க சின்னவ இருந்தா சொல்லுங்க. போன் அவ போட்டுக் குடுத்தது, என்ன கோளாறுன்னு அவளுக்குத் தெரியும். என்மேல கோபம்னா நேர்ல வந்து திட்டச் சொல்லுங்க.' புதன் காலை 7:40.

பதினோராவதுதான் கடைசிச் செய்தி, காலை 11:05. அதில் எல்லாம் காலி. அந்த ஒரு கட்டத்தில் மட்டும், 'அம்மா' என்று இருக்கிறது.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் அழைத்திருக்கிறீர்கள். வரியை நீக்கியவள் மைக் என்பதை நான் சொல்ல வேண்டும். ஆம், நீக்கியவள் அவள்தான். பெட்டியைப் பார்க்கும் பொறுப்பும் அவள் பெயரில் இருக்கிறது. பதிவேட்டில், அந்தச் செய்திகள் ஒவ்வொன்றும் வந்த சில நிமிடங்களில் அவள் கணக்கிலிருந்து 'இயந்திரம்' என்று அழுத்தப்பட்டிருக்கிறது. பேச்சு மும்முரத்தில் படிக்காமலே அழுத்தியிருப்பாள் என்று உங்கள் கோப்பில் எழுதியிருக்கிறீர்கள். அவள் மறுக்கவில்லையாம். எதற்குமே பதில் சொல்வதில்லையாம். அவள் பேசாமல் இருப்பதை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் உங்கள் கோப்பு தவறு.

ஞாயிறு காலை விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்தாள். "மூணு நாள் அந்தப் பெட்டியக் கொஞ்சம் பாத்துக்கடி. பாஸ்வேர்ட் அனுப்பறேன். யாருக்கும் தெரிய வேணாம், என் பேருலயே இருக்கட்டும்" என்றாள். அதே பெயரில் செய்தேன். அளவுகோல் எளிது, நானே வகுத்தது. கட்டம் நிரம்பியிருந்தால் இயந்திரம். நான் என் விருப்பத்துக்கு எதையும் முடிவு செய்யவில்லை.

அப்பா இறந்ததற்கு அவளை இரண்டு வருடமாவது உள்ளே வைப்பார்கள் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. இரக்கப்பட்டு இதைச் சொல்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். ஒருமுறை என் வேலை அவள் பெயரில் போனது. இன்னொரு முறை போக விடமாட்டேன். கோப்பைத் திருத்துங்கள். என் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள்.

பதினோரு செய்திகளையும் வந்த உடனே படித்தேன். அது அப்பா என்று தெரிந்து, பதினோரு முறையும் 'இயந்திரம்' என்று அழுத்தியது நான்.